சூடான டிஸ்க்கில் ஒரு வாளி தண்ணீர்

அந்த பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை காலை வரை, கண்ணில் பட்ட எல்லோர் மேலும் நான் எரிந்து விழுந்தேன். களத்தில் காப்பி கிளறிக்கொண்டிருந்த பெண்கள் மேல். எடை எழுதிக்கொண்டிருந்த எஸ்டேட் ரைட்டர் மேல். ஏரிக்கரை வளைவில் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல். டிஸ்க் பிரேக் என்ற சாமானைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் மேல். திட்டாமல் விட்டது ஒரே ஒரு ஆளைத்தான். தப்பு செய்த ஆள் அவன்தான். தினம் காலையில் அவனுக்கு நானே ஷேவ் செய்து விடுகிறேன்.

பொதுவாக நான் ஊரைச் சிரிக்க வைக்கிறவன். ஏற்காடு பஜாரில் நான் டீ குடிக்க நின்றால் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும். இது ஊருக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆகிறது, தெரியாமல் இருக்குமா?

வண்டி அவளுடையது. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கோயமுத்தூரில் இருக்கிறார். இளவயதில் ரேஸ் ஓட்டியவர். முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் அந்த வண்டியில் அவரால் ஏற முடியவில்லை. ஏறினால் இறங்க முடியவில்லை. சிவப்பு வண்டி, இரண்டே சீட்டு, ஜெர்மனிக்காரன் செய்தது. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். தங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எனக்கு ஜீப் போதுமாம். அந்தக் கோபம் தனிக் கணக்கு.

நியாயமாகப் பார்த்தால் அவர் கொடுத்த இடம் சரிதான். என் மனைவி பத்தொன்பது வயதிலிருந்து மலையில் ஜீப் ஓட்டுகிறாள். மாரமங்கலம் ரோட்டில், மழையில், மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தால், வண்டி தானாக வழி தெரிந்து வருவதுபோல இருக்கும். நான் ஓட்டினால் நானும் வண்டியும் சண்டை போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்வோம்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ட்ராக் டே. ரேஸ் கிடையாது அது. யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. எதிரே பஸ்ஸும் மாடும் வராத ஒரு பந்தயத் தடத்துக்குச் சொந்த வண்டியைக் கொண்டுபோய், இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக, வண்டியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓட்டிப் பார்க்கிற நாள். கோயமுத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு தடம் இருக்கிறது. முதல் வருஷம் அண்ணனுக்கு ஆபரேஷன் என்று போகவில்லை. இரண்டாம் வருஷம் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் அவளே கூடை கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள், போகவில்லை. இந்த வருஷம் பெயர் பதிந்தாயிற்று. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் கையால் வரைந்து அனுப்பிய தடத்தின் படம் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. எந்த வளைவுக்கு எவ்வளவு தூரம் முன்னால் பிரேக் மிதிக்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். அவள் தோசை ஊற்றும்போது அதைப் பார்த்துக்கொண்டே வலது காலால் தரையை மிதிப்பாள். இரண்டு தோசை கருகும். நான் சாப்பிடுவேன்.

வண்டியைத் தயார் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக எஸ்டேட் ஜீப்பைச் சாகவிடாமல் வைத்திருப்பவன் நான் என்ற திமிர். மச்சான் போனில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினார். ஒவ்வொன்றும் 'மாப்ள, கவனமாக் கேளுங்க' என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பள்ளிக்கூடத்து பெஞ்சு மேல் ஏறி நிற்பதுபோல இருக்கும்.

காப்பி மூட்டை அடுக்கும் குடோனில் பாதியைக் காலி செய்து வண்டியை நிறுத்தினோம். இன்ஜின் ஆயில் மாற்றினேன். வண்டிக்குள் ஒட்டாமல் கிடக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது மச்சானின் உத்தரவு: கால் மிதி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் நான் வைத்த பிள்ளையார். பிள்ளையாருக்காக வாதாடிப் பார்த்தேன். வளைவில் அவர் பறந்து வந்து தங்கச்சி நெற்றியில் உட்காருவார் என்று பதில் வந்தது. எடுத்துவிட்டேன். சக்கரத்து போல்ட்டை முறுக்க ஒரு ரெஞ்ச் அனுப்பியிருந்தார்; சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிட்டு நிற்கும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்துப் போல்ட் முறுக்கிய பரம்பரையில் வந்தவன் நான். ஒரு இரும்புத் துண்டு எனக்குப் போதும் என்று சொல்வதா? ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

பிரேக் ஆயில் மாற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து சின்ன மூடியைத் திறந்து, பழைய ஆயிலோடு குமிழிக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஏர் எடுக்கிறது என்போம். நான் கீழே, அவள் மேலே. நான் 'மிதி' என்றால் அவள் மிதிக்க வேண்டும், 'விடு' என்றால் விட வேண்டும். இந்த நாட்டில் எந்தத் தம்பதியும் இந்த வேலையைச் சண்டை போடாமல் முடித்திருக்க முடியாது. நான் 'விடு' என்பதற்குள் விட்டாள், நான் மூடுவதற்குள் மிதித்தாள், ஆயில் என் சட்டைக்குள் போனது. நாலு சக்கரமும் முடிவதற்குள் நாங்கள் இருபத்து நாலு வருஷத்துப் பழைய விஷயங்கள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். கடைசியில் பெடல் கல்லு மாதிரி நின்றது. அவள் சிரித்தாள். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் ஒரு பெரிய மெக்கானிக்.

அன்றைக்கே புது பிரேக் பேடும் போட்டேன். தடத்தில் ஓட்டுவதற்கென்றே இருக்கிற பேடு. அதை அப்படியே போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கோடு தேய்த்துச் சூடாக்கிப் படிய வைக்க வேண்டும். மச்சானின் மெசேஜ் தெளிவாகவே இருந்தது. சமதரையில், நேரான ரோட்டில், வேகமாகப் போய் அழுத்திப் பிடித்து, முழுக்க நிற்காமல் விட்டு, மறுபடி வேகம் எடுத்து, மறுபடி பிடித்து, இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் பிரேக்கே தொடாமல் கால் மணி நேரம் காற்றில் ஓட்டி ஆற விட வேண்டும். எங்கேயும் நிறுத்தக் கூடாது.

சமதரை. நேரான ரோடு. ஏற்காட்டுக்காரனிடம் இதைச் சொல்கிறார். எங்கள் தலைச்சோலைப் பக்கத்தில் நேராக இருப்பது சில்வர் ஓக் மரம் மட்டும்தான். அதற்குச் சேலம் பைபாசுக்கு இறங்க வேண்டும். நான் யோசித்தேன். எப்படியும் இறங்கத்தானே போகிறோம்? வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தை முறுக்கி பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பத்துக்குப் பதிலாக இருபது ஆகிவிடும். மச்சான் கேட்டதுக்கு இரட்டிப்பு. இந்த யோசனை வந்தபோது நான் தனியாகச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வியாழன் விடிந்ததும், மனைவி பறிக்கிற ஆட்களோடு தோட்டத்துக்குள் போன பிறகு, நான் வண்டியை எடுத்தேன். முதல் ஐந்தாறு வளைவு ராஜா மாதிரி இருந்தது. முறுக்கு, மிதி, திரும்பு. குரங்குகள் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. பாதி மலையில் ஒரு டூரிஸ்ட் வேன் முன்னால் மாட்டிக்கொண்டது. அவன் நத்தை வேகம். எனக்குப் பேடு படிய வேண்டுமே. இடைவெளி விட்டுவிட்டு முறுக்கி அவன் முதுகு வரைக்கும் போய் மிதித்தேன். அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை மூக்கில் ஏறியது, முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பைபாஸ் வரை போய் ஆற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

அடிவாரத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில், ஒரு தண்ணீர் டிரம் வைத்திருக்கிறார்கள். மலையிறங்கி வரும் ஜீப்பும் லாரியும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்குவார், வாளியில் மொண்டு நாலு சக்கரத்துக்கும் ஊற்றுவார், 'சொய்' என்று ஆவி எழும்பும், டீ குடிப்பார், போவார். நானும் இருபத்தைந்து வருஷமாக ஊற்றியிருக்கிறேன். ஜீப் சக்கரத்துக்குள் இருப்பது டிரம் பிரேக், மூடிய தடித்த இரும்பு. அதற்கு ஒன்றும் ஆனதில்லை. பிரேக் வாடை வந்தால் தண்ணீர் என்பது எங்கள் கைகள் பழகிய பழக்கம். தலையைக் கேட்டு அந்தக் கை வேலை செய்வதில்லை.

என் கையும் கேட்கவில்லை. நிறுத்தினேன், இறங்கினேன், மொண்டேன், முன்பக்க இடது சக்கரத்தில் வாளி முழுவதையும் ஊற்றினேன்.

'சொய்' என்ற சத்தம் வந்தது. அதற்குள்ளே வேறு ஒரு சின்னச் சத்தமும் வந்தது. சூடான டீயை ஊற்றினால் கண்ணாடி தம்ளர் விடுமே ஒரு சத்தம், அது. இரண்டாவது வாளியை மொண்டுகொண்டிருந்தேன். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் ஒருவர், எனக்கு நெடுநாள் பழக்கம், மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்ணா, அது டிரம் பிரேக் இல்லீங்களே."

உன் வேலையைப் பார் என்று அவரைக் கடித்துக் குதறினேன். டூரிஸ்ட் வேன்காரனைத் திட்டினேன். டீக்கடைக்காரர் ரோட்டு ஓரத்தில் தண்ணீர் டிரம் வைத்ததைத் திட்டினேன். இப்படி வைத்தால் மனுஷன் ஊற்றாமல் என்ன செய்வான்? ஜீப் டிரைவர் டீயை முடித்துவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். வாளி என் கையில் இருந்தது.

திரும்பி ஏறும்போது பிரேக் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கியது. காய்ச்சல்காரன் கையைப் பிடித்ததுபோல. குடோனுக்குள் விட்டு, கதவைச் சாத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த டிஸ்க்கில் காற்றுப் போக வரிசை வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்கள். அதில் ஒரு ஓட்டையிலிருந்து வெளி விளிம்பை நோக்கி, கண் இமை முடி அளவுக்கு, ஒரு கோடு.

விரிசல் சாதாரணமாக ஓட்டைக்குப் பக்கத்தில் வரும் என்றும், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்றும், ஆனால் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும் என்றும், நகம் மாட்டினால் அந்த டிஸ்க் செத்துப் போனது என்றும் மச்சான் ஒரு மெசேஜில் சொல்லியிருந்தார். இழுத்துப் பார்த்தேன். மாட்டியது. கொஞ்சம் தள்ளி இழுத்துப் பார்த்தேன். மாட்டியது. வீட்டுக்குள் போனேன். நகவெட்டியை எடுத்துப் பத்து விரலிலும் நகத்தை ஒட்ட வெட்டினேன். திரும்ப வந்து தடவினேன். மாட்டவில்லை.

அப்பாடா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் முழுவதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன், இரண்டு ஏக்கர் மிளகுக்கும் எட்டு ஏக்கர் காப்பிக்கும் சொந்தக்காரன், நகம் வெட்டி இரும்பை ஒட்டவைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு குடோனில் நின்றான்.

அப்புறம் பயம் வந்தது. பயம் வந்ததும் கோபம் வந்தது. சேலத்தில் மூன்று கடைக்குப் போன் போட்டேன். அந்த வண்டியின் பெயரைக் கேட்டதும் ஒருவன் சிரித்தான், அவனிடம் சண்டை போட்டேன். பெங்களூரில் ஒருவன் இருபது நாள் ஆகும் என்றான், அவனிடமும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. மனைவியிடம் என்ன சொல்வது? காட்டெருமை முட்டிவிட்டது என்று சொல்லலாமா? முட்டியிருந்தால் டிஸ்க்கில் ஒரு கோடு விழாது, வண்டியே ஏரியில் கிடக்கும். எனக்கு நெஞ்சு வலி என்று படுத்துவிடலாமா? அப்போது ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள். அதில் நான் நல்லபடியாக இருப்பது தெரிந்துவிடும். தடமே மழையில் மூழ்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிப்ரவரியில்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரிப்பில்லாத ஒன்றும் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. வெள்ளிக்கிழமை முழுக்க, 'ஒண்ணும் ஆகாது, ஒரு நாளைக்குத் தாங்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தடத்தில் நேர் ரோட்டின் முடிவில் அவள் நூற்றெண்பதில் வந்து மிதிக்கப் போகும் பிரேக் அது. பிரிட்ஜில் சிவப்பு மையில் குறித்திருந்த இடம். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் காப்பி குடித்தேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஈரமான பழத்தைக் களத்தில் தடிமனாகப் பரப்பியதற்கு இரண்டு பெண்களைத் திட்டினேன். ரைட்டர் கையெழுத்து புரியவில்லை என்று நோட்டைத் தூக்கிப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் பதினைந்து வருஷமாக நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை. மத்தியானம் கிளம்பி, இரவு அண்ணன் வீட்டில் தங்கி, விடிந்ததும் தடத்துக்குப் போவதாகத் திட்டம். அவள் ஹெல்மெட்டைப் பையில் போட்டு, வழிக்குச் சாப்பாடு கட்டி, குடோன் வாசலுக்கு வந்துவிட்டாள். நான் ஒன்றுக்கும் உதவாமல் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது முறையாக. அவள் பையைக் கீழே வைத்தாள்.

என் மனைவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும்.

"ஏனுங்க, ரெண்டு நாளா நீங்க ஒரு ஜோக்கும் அடிக்கலீங்க. என் வண்டிய என்ன பண்ணுனீங்க?"

"தண்ணி ஊத்திட்டேன் புள்ள."

அவளுக்கு உடனே புரிந்தது. மலைக்காரி. எங்கே, எப்போது, எத்தனை வாளி என்று எதையும் கேட்கவில்லை. டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு, டிஸ்க்கின் மேல் நகத்தை இழுத்தாள். மாட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை இழுத்தாள். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

மச்சானிடம் சொன்னேன். மலையில் இறங்கியது, மிதித்தது, நிறுத்தியது, ஊற்றியது, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், விஷயம் அப்படியே ஓடிப் போயிருக்கும். அவர் எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

"மாப்ள, இதே வண்டி ஒண்ணு எங்க சினேகிதர் ஷெட்டுல இன்ஜின் கழட்டிக் கெடக்குது. அவருகிட்ட சொல்லி டிஸ்க்கக் கழட்டி மாட்டியிருக்கலாம். நேத்துக் காலைல ஷெட்டைப் பூட்டிட்டு அவரு பாம்பே போயிட்டாருங்க."

நேற்றுக் காலையில் நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் இரண்டாவது தடவையாக.

போனை அவளிடம் கொடுத்தேன். அண்ணன் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. அப்புறம் தடத்துக்காரர்களைக் கூப்பிட்டு, நாளைக்கு வர முடியவில்லை, பிரேக் டிஸ்க் விரிசல் விட்டுவிட்டது, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். எப்படி விரிசல் விட்டது என்று கேட்டிருப்பார்கள் போல. ஊட்டுக்காரர் தண்ணி ஊத்திட்டாருங்க என்றாள். அந்தப் பக்கம் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கட்டிய சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். என்னவாவது சொல்ல வேண்டும் என்று, அடிவாரத்தில் எல்லோரும்தான் ஊற்றுகிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் நின்று திரும்பினாள்.

"தண்ணி ஊத்துனதுக்கு நான் கோவிச்சுக்கலீங்க. அது கைப் பழக்கம், நானே ஊத்தியிருப்பேன். ரெண்டு நாள் வாய மூடிட்டு இருந்தீங்களே. நான் அதுல உக்காந்து போவேன்னு தெரிஞ்சுதானுங்களே இருந்தீங்க."

களத்தில் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களை முறைத்தேன். இந்த முறை அவர்கள் பயந்த மாதிரியே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் காலை ஆறு மணிக்கே எழுந்து பறிக்கிற ஆட்களோடு போய்விட்டாள். எட்டரை மணிக்கு அவளுடைய முதல் இருபது நிமிஷம் ஆரம்பித்திருக்க வேண்டும். எட்டரைக்கு நான் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றேன். படம் இல்லை. காந்தம் மட்டும் ஒட்டியிருந்தது.

டிஸ்க் வர இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளும் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கலெக்டருக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். சாப்பிடுங்க, படுங்க, நகருங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தப்புக்கு எத்தனை நாள்? பஜாரில் விஷயம் பரவியிருந்தது. டீக்கடையில் எனக்கு முன்னால் தண்ணீர் தம்ளரை வைத்துவிட்டு, 'பாத்து ஊத்துங்க' என்றார்கள். ஊர் முழுக்க நான் சிரிக்க வைத்த ஆட்கள். இப்போது சிரிக்கிற முறை அவர்களுடையது. நான் ஒருவனுடன் கைகலப்புக்கே போனேன். அவன் என் தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்துவிட்டான். அது இன்னும் மோசம்.

பார்சல் சேலத்துக்கு வந்த அன்று அவள் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு என்னையும் ஏறச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அவள்தான் ஓட்டினாள். முதல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாம் கியரில் போட்டாள். இருபது வளைவும் அதே கியர். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் பஸ் வந்தது, குரங்கு குறுக்கே ஓடியது, அவள் கால் பிரேக் பெடல் பக்கம் போகவே இல்லை. இறங்கிய பிறகு தண்ணீர் டிரம்மைத் தாண்டி நிற்காமல் போனாள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"இனிமே அந்த வண்டியத் தொடாதீங்க."

புது டிஸ்க்கை அவளே மாட்டினாள். அண்ணனின் மெசேஜை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, நிறுத்தி, செய்து, மறுபடி போட்டுக் கேட்டாள். அந்த டிக் ரெஞ்சை அவள் கையில் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கலாம் என்று அனுமதி. உள்ளே வரக் கூடாது. அவளுக்கு ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனேன், ரைட்டரைக் கூப்பிட்டாள். பேடைப் படிய வைக்க அவள் நேராகக் கோயமுத்தூருக்கே ஓட்டிப் போய், அண்ணனைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, ஒரு நேர் ரோட்டில் பத்துத் தடவை பிடித்து ஆற விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரை அந்த சீட்டில் ஏற்ற மூன்று பேர் பிடித்தார்களாம். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மார்ச்சில் மறுபடியும் ஒரு ட்ராக் டே வந்தது. நான் வரட்டுமா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. களத்தில் மிளகு காயப் போட்டிருந்தது. மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காலை எட்டு மணியிலிருந்து நான் களத்து மேட்டில், போன் சிக்னல் வருகிற ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு அவள் தடத்தில் இறங்கியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவள் நேர் ரோட்டின் முடிவுக்கு வருவதாகக் கணக்குப் போட்டு, என் காலை நானே தரையில் அழுத்தினேன். அவளோடு தடத்துக்குப் போயிருந்த மச்சானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை போட்டேன், கட் செய்தார். தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டதால்தான் எடுக்கவில்லை என்று நினைத்தேன். ஆகியிருந்தால் எடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆகி, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட் செய்கிறார் என்று நினைத்தேன். அவரை, அவர் முதுகை, ஜெர்மனியை, என் வலது கையை, எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன். காலைச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாடும்.

சாயங்காலம் நாலேமுக்காலுக்கு மெசேஜ் வந்தது.

"பிரேக் நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். மூன்று வருஷமாகக் காத்திருந்தவள், பிரிட்ஜைப் பார்த்துத் தோசையைக் கருக்கியவள், எழுதியது மூன்று வார்த்தை. எப்படி இருந்தது, எவ்வளவு வேகம், பயமாக இருந்ததா, ஒன்றும் இல்லை. அதைப் பத்துத் தடவை படித்தேன். முதலில் கண் கலங்கியது, உடனே எரிச்சல் வந்தது. நாள் முழுக்கக் கல்லில் உட்கார்ந்திருந்தவனுக்கு இன்னும் ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்தா போகும்?

அதற்குள் இன்னொன்று வந்தது. நாளை மத்தியானம் வருகிறாளாம். மிளகு காய்ந்ததா என்று கேட்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். காலையில் பரப்பியது பரப்பியபடியே கிடந்தது. மேலே கறுத்திருந்தது, காலால் தள்ளிப் பார்த்தால் அடியில் பச்சை. அவள் வருவதற்குள் கிளறி, காலை வெயில் காட்டினால் தெரியவே தெரியாது. அதையும் யோசித்தேன். மறைக்கவில்லை.

'காயல. காலைல இருந்து போனையே பாத்துட்டு உக்காந்துட்டேன், ஒரு தடவகூடக் கிளறல' என்று அடித்து, யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. எழுந்து போய், இருக்கிற வெளிச்சத்தில் மிளகைக் கிளற ஆரம்பித்தேன்.